தரவரிசையும் சேர்க்கைக் கெடுபிடியும் ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தைக் காட்டுமா?

பட்டியலில் மேலே இருக்கிற, இடம் கிடைப்பதே கஷ்டமான பல்கலைக்கழகத்தில் படிப்பும் நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த பிள்ளை இருக்கிறது போல. நன்றாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் படித்தது பாலிடெக்னிக்கில், எந்த உலகப் பட்டியலிலும் அதன் பெயர் வராது. அங்கே எண்ணெயின் அமிலம் பார்க்கக் கற்றுக்கொடுத்த மலாய்க்கார விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் கலையாமல் நின்றால் சரி. ஒரு சொட்டு கூடி நிறம் அடர்ந்துவிட்டால், "புவாட் செமுலா", மறுபடி செய், என்று குடுவையைக் கொட்டச் சொல்லிவிடுவார். ஒரு மத்தியானம் ஏழு தடவை செய்தேன். இன்று செம்பனை மில் லேப்பில் என் கையெழுத்து இல்லாமல் எண்ணெய் லாரி வெளியே போகாது. அமிலம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

யூனி கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று யாராவது எழுதுவீர்கள். கிடைக்கவில்லை என்பது உண்மைதான். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளோடு தினமும் வேலை செய்கிறேன், அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். க்யூஎஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் போடும் உலகப் பட்டியலில் இப்போது 45 விழுக்காடு கல்வியாளர்களும் முதலாளிகளும் சொல்லும் அபிப்பிராயம். எத்தனை மாணவருக்கு ஒரு விரிவுரையாளர் என்பதற்கு 10 விழுக்காடுதான். 2004-ல் மலாயாப் பல்கலைக்கழகம் 89-ஆவது இடத்துக்கு வந்தது, பதாகை கட்டிக் கொண்டாடினார்கள். 2005-ல் 169-க்கு இறங்கியது. மலேசியச் சீனர்களையும் இந்தியர்களையும் வெளிநாட்டவர் கணக்கில் சேர்த்திருந்த பிழை திருத்தப்பட்டது அதற்கு முக்கியக் காரணம். நாலு தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறோம், எங்களை வெளியாள் என்று எண்ணித்தான் அந்த மார்க் ஏறியிருக்கிறது. படித்தபோது எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

சேர்க்கைக் கெடுபிடியும் அப்படித்தான். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்று மட்டும் அது சொல்லும். உள்ளே போன பிள்ளைக்கு யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். என் மகள் எஸ்பிஎம்மில், ஐந்தாம் படிவத் தேர்வில், தமிழ் இலக்கியம் எடுக்க ஆசைப்பட்டாள். பள்ளியில் வேண்டாம் என்றார்கள். அவளுக்கு ஏ வராவிட்டால் பள்ளியின் சராசரி கிரேட் கெட்டுப்போகுமாம்! எடுத்தே தீருவேன் என்று நின்றாள். சனிக்கிழமை தோறும் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்த் தனி வகுப்பில் விட்டேன். பள்ளிப் பட்டியலுக்காக என் பிள்ளை அவள் மொழியை விட வேண்டுமா? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் பிள்ளை சேரப்போகும் துறையில் இப்போது படிக்கிற இரண்டு பேரிடம் பேசுங்கள். முதல் வருடம் யார் பாடம் எடுக்கிறார்கள், லேப்பில் எத்தனை பேருக்கு ஒரு பியூரெட் என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு பேருக்கு ஒன்று இருந்தது.