210,000 கிலோமீட்டர் ஓடிய ஹைபிரிட் காரை வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் நீங்கள், பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரான 2012ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியஸ் சி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். மீட்டரில் 210,000 கிலோமீட்டர் காட்டுகிறது, விற்பவர் 22,000 ரிங்கிட் கேட்கிறார், பெட்ரோல் செலவு குறையும் என்பதால் ஆசையும் பேட்டரி போய்விடுமோ என்பதால் பயமும் இருக்கிறது. வாங்கலாம் என்பதே என் பதில், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த வண்டியின் ஹைபிரிட் பேட்டரி அடுத்த மாதமே செயலிழந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, புதிய பேட்டரிக்கு ஆகும் தொகையை இப்போதே விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அந்த விலைக்கு அவர் இறங்கி வரவில்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

நானும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். 2019ஆம் ஆண்டு முதல் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். அதில் செய்த தவறுக்கு நல்ல பணம் கொடுத்திருப்பதால், அதை நீங்கள் கொடுக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மலேசியச் சந்தையில் இந்த வயதுடைய ஹைபிரிட் கார்கள் ஏன் இவ்வளவு கிடைக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது பேரம் பேச உதவும். 2011 முதல் 2013 இறுதிவரை, 2,000 சிசிக்கு உட்பட்ட இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டிருந்தன. பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட் எல்லாம் அந்தக் காலத்தில்தான் பெருமளவில் வந்து இறங்கின. அவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை, உற்பத்தியாளரின் உத்தரவாதம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டவை. எனவே விற்பவர் "பேட்டரி இன்னும் ஒரிஜினல்தான்" என்று பெருமையாகச் சொன்னால், பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்ட பேட்டரி என்றே அதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து பெட்ரோல் கணக்கு. உங்கள் வீட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்வர 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் சாதாரண 1.5 லிட்டர் காருக்கு 107 லிட்டரும், 20 கிலோமீட்டர் தரும் ஹைபிரிட் காருக்கு 80 லிட்டரும் தேவைப்படும். 2025 செப்டம்பர் 30 முதல் பொதுமக்களுக்கு நடைமுறைக்கு வந்த புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின்படி லிட்டருக்கு 1.99 ரிங்கிட் விலையில் பார்த்தால், மாதத்துக்கு மிச்சமாவது சுமார் 53 ரிங்கிட், ஆண்டுக்கு 640 ரிங்கிட் அளவில்தான். பேட்டரிக்கு 5,000 ரிங்கிட் செலவானால், அதைப் பெட்ரோலில் மீட்டெடுக்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பிடிக்கும். செம்மோர் வழியாகப் போகும் பழைய சாலையில் விளக்குகளும் நெரிசலும் இருப்பதால் அங்கே ஹைபிரிட் கார் நன்றாக மிச்சப்படுத்தும் என்றாலும், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கு இந்த 53 ரிங்கிட்கூட முழுதாக நிற்காது. பெட்ரோல் மிச்சம் மட்டுமே காரணமென்றால் இந்தக் கார் உங்களுக்குத் தேவையில்லை என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

பிறகு எதற்காக வாங்குவது என்று கேட்பீர்கள். டொயோட்டாவின் ஹைபிரிட் அமைப்பில் கியர்பாக்ஸ் என்பது கோள்பல்சக்கரங்களும் (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சுழலும் பல்சக்கரங்கள்) இரண்டு மின்மோட்டார்களும்தான். அதில் தேய்வதற்கு கிளட்ச் இல்லை, மற்ற சிவிடி (படியில்லாத தானியங்கிக் கியர்) கார்களில் உள்ள இரும்புப் பெல்ட் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டார் ஏற்றுக்கொண்டு அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால், பிரேக் பேடுகள் சாதாரணக் காரில் இருப்பதைவிடப் பல மடங்கு நீடிக்கின்றன. ஆகவே 210,000 கிலோமீட்டர் ஓடிய சாதாரணத் தானியங்கிக் காரைக் கண்டு நான் பயப்படும் அளவுக்கு, அதே தூரம் ஓடிய ஹைபிரிட் காரைக் கண்டு பயப்பட மாட்டேன். மற்றவர்கள் பயப்படுவதால் விலையும் குறைகிறது.

இனி என் கதை. 2019இல் நான் இரண்டு வண்டிகளைப் பார்த்தேன். ஒன்று, தைப்பிங்கிலிருந்து ஈப்போ மருத்துவமனைக்கு ஒவ்வொரு நாளும் போய்வந்த ஒரு தாதியுடையது. அதில் 186,000 கிலோமீட்டர் இருந்தது, பராமரிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. மற்றொன்று ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் இருந்தது. வெறும் 92,000 கிலோமீட்டர்தான், பளபளவென்று மெருகேற்றி வைத்திருந்தார்கள். என் மச்சான், "அந்த அம்மா காடிய எடுங்க மாமா, தினமும் ஓடுற காடி" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். எனக்குக் குறைந்த கிலோமீட்டர்தான் கண்ணில் நின்றது, இரண்டாவதையே வாங்கினேன். அது ஏழெட்டு மாதங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஓடாமல் நின்ற வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. பதினான்காவது மாதம், கோலகங்சாரிலிருந்து திரும்பி வரும் வழியில் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் ஒன்றாக எரிந்து, வண்டி மாட்டுவண்டியைப்போல் ஊர்ந்தது.

அப்போது இரண்டாவது தவறையும் செய்தேன். முழுப் பேட்டரிக்கும் 5,000 ரிங்கிட்டைத் தாண்டிய விலை சொன்னார்கள். பேட்டரிக்குள் இருக்கும் சிறு பேட்டரித் துண்டுகளான மாட்யூல்களில் கெட்டுப்போன இரண்டை மட்டும் மாற்றித் தருவதாக ஒரு பட்டறையில் 1,300 ரிங்கிட் கேட்டார்கள், அதற்கு ஒப்புக்கொண்டேன். எட்டே மாதங்களில் வேறு மாட்யூல்கள் போயின. பேட்டரி என்பது தொடராக இணைக்கப்பட்ட மாட்யூல்களின் வரிசை. பிரியஸ் சி காரில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 20 சேர்ந்து 144 வோல்ட் தருகின்றன. ஒரே வயதில் கிழடு தட்டிய இருபதில் இரண்டை மட்டும் மாற்றினால், மற்ற பதினெட்டும் தம் முறைக்குக் காத்திருக்கின்றன என்றுதான் பொருள். கடைசியில் முழுப் பேட்டரியையும் வாங்கத்தான் வேண்டியிருந்தது, முதலில் கொடுத்த 1,300 வெள்ளி வீணாயிற்று. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த வண்டி என்னை நடுவழியில் விட்டதில்லை.

நின்றுபோன வண்டியின் பேட்டரி ஏன் கெடுகிறது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் சும்மா இருக்கும்போதும் தம் மின்னூட்டத்தை மெல்ல இழக்கும். ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வேகத்தில் இழப்பதால் அவற்றுக்கிடையே சமநிலை குலைந்துவிடும். நாள்தோறும் ஓடும் வண்டியில், கணினி மின்னூட்டத்தை ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிவிடுகிறது. நிற்கும் வண்டியில் அதைக் கவனிக்க ஆளில்லை. வெப்பம் இன்னொரு எதிரி. நம் ஊரில் அதற்குத் துணையாகத் தூசியும் சேர்ந்துகொள்கிறது. இந்த பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய காற்றுவாய் வழியாகக் காருக்குள்ளிருந்தே இழுக்கப்படுகிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய வண்டியென்றால், அந்தக் காற்றுவாய்க்குப் பின்னால் இருக்கும் விசிறி செம்மண்ணால் அப்பிக்கொண்டிருக்கும். என் வண்டியின் விசிறியை முதன்முதலில் கழற்றியபோது அதன் இதழ்களே தெரியவில்லை. பின்னிருக்கையில் துணிமூட்டையையும் அரிசி மூட்டையையும் வைத்து அந்த வாயை அடைத்துவிடுபவர்களும் உண்டு. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டியின் பின்னிருக்கையை எடுத்து விசிறியைக் காட்டச் சொல்லுங்கள். அது, முந்தைய உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை மீட்டரைவிட நேர்மையாகச் சொல்லும். மீட்டரைத் திருத்துவது நம் நாட்டில் புதிதல்ல என்பதால், பராமரிப்புப் பதிவு இல்லாத 210,000 என்ற எண்ணை நான் நம்ப மாட்டேன்.

அதே நேரத்தில் தரைவிரிப்பின் அடியையும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் ஏற்பட்ட பெருவெள்ளம்போன்ற பேரிடர்களில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்குப் போகின்றன. பிரியஸ் சி காரில் பேட்டரி பின்னிருக்கையின் கீழே, தாழ்வான இடத்தில் இருப்பதால், தண்ணீர் உள்ளே வந்திருந்தால் அதன் இணைப்புகளில் பச்சை நிறத்தில் களிம்பு பூத்திருக்கும். அப்படி இருந்தால் விலையைப் பற்றியே பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் காலையிலேயே போங்கள், நீங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாமென்று முதல்நாளே சொல்லிவையுங்கள். குளிர்ந்த நிலையில் என்ஜின் முதலில் இயங்கும்போது சில வினாடிகள் கடகடவென்று உதறினால், என்ஜினைக் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிந்திருக்கலாம். புகைவாயுவை மறுசுழற்சி செய்யும் பாதையில் கரி அடைத்து, என்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போவது 1.8 லிட்டர் மூன்றாம் தலைமுறை பிரியஸில் நன்கு அறியப்பட்ட நோய். அதே அமைப்பு இதிலும் இருப்பதால் அந்தப் பாதையை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். பிறகு, பிரேக்கைத் தொடாமல் வண்டியை இயக்கநிலையில் வைத்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். பிரேக் அழுத்தத்தைத் தாங்கும் பம்பு சில வினாடிகளுக்கு ஒருமுறை தானாக உறுமினால், அந்தப் பாகம் தேய்ந்துவிட்டது, அதை மாற்றுவதும் மலிவான வேலையல்ல.

இதற்கெல்லாம் மேலான சோதனைக்களம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஈப்போ வடக்குச் சாவடியில் நெடுஞ்சாலைக்குள் நுழைந்து, மெனோரா சுரங்கப்பாதைவரை ஏறி, கோலகங்சார் பக்கம் இறங்கி, பழைய சாலை வழியாகத் திரும்புங்கள். ஏற்றத்தில் பேட்டரி அளவுகோல் மெதுவாகக் குறைந்து இறக்கத்தில் மெதுவாக நிரம்பினால் நல்லது. ஏற்றத்தில் இரண்டே நிமிடத்தில் அடிமட்டத்துக்கு விழுந்து, இறக்கத்தில் அதே வேகத்தில் உச்சிக்குப் போய், பின்னிருக்கைப் பக்கம் விசிறி ஓயாமல் இரைந்தால், பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. விற்பவர் எச்சரிக்கைக் குறியீட்டை முதல்நாள் அழித்துவிட்டிருந்தால்கூட, இந்த மலையேற்றத்தில் பி0ஏ80 என்ற பேட்டரிக் கோளாறுக் குறியீடு மீண்டும் தலைகாட்ட வாய்ப்பு உண்டு. காரின் கணினியைப் படித்துக் கைப்பேசியோடு இணையும் ஓபிடி கருவி ஒன்றும் டாக்டர் பிரியஸ் செயலியும் இருந்தால், பேட்டரிப் பகுதிகளின் மின்னழுத்தத்தை ஏறும்போதே உடனிருப்பவர் பார்த்துச் சொல்லலாம். ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிட்டு விலகி விழுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதன் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது. அதற்கு மின்காப்புத் தன்மையுள்ள என்டி-11 எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் எண்ணெயைத் தெரியாமல் ஊற்றினால் காப்பு கெட்டு மின்கசிவு எச்சரிக்கை வரும். குளிர்சாதன வேலை எந்தப் பட்டறையில் நடந்தது என்று கேட்டு, அவர்களையே அழைத்து எண்ணெயைப் பற்றி விசாரியுங்கள்.

உரிமை மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் செய்யும் பி5 சோதனையில் தேறிவிட்டது என்று விற்பவர் சொன்னால் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். அந்தச் சோதனை ஹைபிரிட் பேட்டரியின் ஆயுளை அளப்பதில்லை. சாலை வரியில் இந்த வண்டி உங்களுக்கு அனுகூலம்: 1,497 சிசிக்கு 90 ரிங்கிட்தான், 1.8 லிட்டர் பிரியஸ் என்றால் 279.20 ரிங்கிட்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 17,000 ரிங்கிட்டுக்கு மேல் ஒரு காசும் ஏற மாட்டேன், மீதி 5,000ஐப் பேட்டரிக்கென்று தனியாக எடுத்து வைப்பேன். வங்கிக்கடன் எடுத்து, கையிருப்பு ஒன்றுமில்லாமல் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். தவணையும் கட்டி, வண்டியும் நின்றுபோய், வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் நிலைமை ஒரு குடும்பத்தை எப்படி வாட்டும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே விசிறியையும் மெனோரா ஏற்றத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் என்றால் ஓபிடி கருவியை எடுத்துக்கொண்டு நானே உடன் வருகிறேன். பதிலுக்குக் கீழே எழுதித் தெரிவியுங்கள்.