சான் ஹோசேயில் வீடு பார்ப்பதற்கு முன்

வேலை கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், பிள்ளைக்கு ஆறு வயது. வாடகை விளம்பரத்தில் முகவரி சான் ஹோசே, பள்ளி பக்கத்து நகரமான கூபர்ட்டினோ என்று போட்டிருக்கிறதே, ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று இல்லை. இந்த நகரங்கள் அடங்கிய சான்டா கிளாரா கவுண்டியில் நகர எல்லை ஒன்று, பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான பள்ளி மாவட்டத்தின் எல்லை இன்னொன்று, தபால் முகவரி வேறொன்று. இவை எப்படிப் பிரிந்தன என்று தெரிந்தால் வீடு தேடுவதில் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம். ஆப்ரிகாட், செர்ரி, உலர்த்தி விற்கும் ப்ரூன். நகருக்குள் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலைகள். 1950-இல் சான் ஹோசேயின் மக்கள்தொகை 95,000, பரப்பு 17 சதுர மைல். அந்த ஆண்டு நகர மேலாளராக, அதாவது நகர நிர்வாகத்தின் தலைவராக, வந்த டச்சு ஹாமன் 1969 வரை பதவியில் இருந்தார். தோட்டம் துரவு எதையும் விடவில்லை. சாலையோரமாக ஒரு துண்டு நிலத்தைச் சேர்ப்பது, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சேர்ப்பது என்று ஏறத்தாழ 1,400 இணைப்புகள். அவர் விலகும்போது பரப்பு 130 சதுர மைலைத் தாண்டிவிட்டது. மக்கள்தொகை நாலரை லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. சான் ஹோசே தங்களையும் விழுங்கிவிடும் என்று பயந்துதான் கேம்ப்பெல் 1952-இலும், மில்பிடஸ் 1954-இலும், கூபர்ட்டினோ 1955-இலும், சரட்டோகா 1956-இலும் தனி நகரங்களாகப் பதிவு செய்துகொண்டன.

பள்ளிச் சிக்கலும் அப்போது முளைத்ததுதான். ஒரு நிலம் நகரத்தோடு சேர்ந்தால் அங்குள்ள பள்ளியும் நகரப் பள்ளி மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்று விதி இருந்தது. தங்கள் பள்ளியை விட மனமில்லாதவர்கள் இணைப்பையே எதிர்த்தார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கும்படி மாநிலச் சட்டம் 1950களில் மாற்றப்பட்டது; அதற்கு முயன்றவர்களில் ஹாமனும் ஒருவர். பிறகு நிலம் நகரத்துக்குப் போனது, பள்ளி பழைய மாவட்டத்திலேயே நின்றது. போலிஞ்சர் ரோட்டில் போய் நின்றால் கண்ணால் பார்க்கலாம்: வடக்குப் பக்கம் கூபர்ட்டினோ, தெற்குப் பக்கம் சான் ஹோசே. தெற்கே இருக்கும் லின்புரூக் உயர்நிலைப் பள்ளியின் முகவரி சான் ஹோசே. நடத்துவது கூபர்ட்டினோ பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளை நடத்தும் ஃப்ரீமான்ட் யூனியன் மாவட்டம். அந்தப் பெயரைப் பார்த்து சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே இருக்கும் ஃப்ரீமான்ட் நகரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதனால் விளம்பரத்தையோ ஜிப் கோடையோ நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டு எண்ணோடு முழு முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு மாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லைக்குள் வீடு இருந்தும், அந்த வகுப்பில் இடம் நிரம்பியிருந்தால் அதே மாவட்டத்தின் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை வேண்டும். இந்தக் கவுண்டியில் காசநோய் குறித்த மருத்துவர் படிவமும் கேட்பார்கள். பிசிஜி ஊசி போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டலாம். ரத்தப் பரிசோதனையாகவே கேளுங்கள்.

வாடகைக்குப் பார்க்கும்போது கட்டடத்தின் வயதை முதலில் விசாரியுங்கள். சான் ஹோசே நகர எல்லைக்குள், மூன்று அல்லது அதற்கு மேல் குடியிருப்புகள் கொண்ட கட்டடம் 1979 செப்டம்பர் 7-க்கு முன்பே ஆட்கள் குடியேறியதாக இருந்தால், வாடகையை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதற்குப் பிந்தைய, ஆனால் 15 வருடம் தாண்டிய அபார்ட்மெண்ட்களுக்கு மாநிலச் சட்டம்: 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்த்து, அதிகபட்சம் 10. புத்தம் புது கட்டடத்துக்கு இரண்டும் இல்லை. முதல் வருடம் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். அடுத்த வருடம் ஏற்றினால் கேட்க நாதி இருக்காது. அட்வான்ஸ், 2024 ஜூலை முதல் ஒரு மாத வாடகைதான். ஓரிரு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர் இரண்டு மாதம் வரை கேட்கலாம். காலி செய்த 21 நாளுக்குள் மீதியைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும்.

அலுவலகம் எங்கே என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1957-இல் விரிகுடாப் பகுதி நகரங்களை இணைக்கும் பார்ட் ரயில் அமைப்பு உருவானபோது இந்தக் கவுண்டி சேரவில்லை. எக்ஸ்பிரஸ்வே சாலைகளை நம்பியது. பார்ட் ரயில் சான் ஹோசேயின் பெரியெசாவை எட்டவே 2020 ஆகிவிட்டது. வீடுகள் சான் ஹோசேயில் குவிந்தன. வேலைகள் வடக்கே பாலோ ஆல்டோ, மவுன்டன் வியூ, சன்னிவேல் பக்கம் குவிந்தன. காலையில் 101, 280, 85 நெடுஞ்சாலைகளில் வண்டிகள் எல்லாம் வடக்கு நோக்கி நிற்பது இதனால்தான். உங்கள் அலுவலகம் சான் ஹோசே நகர மையத்தில் என்றால் தெற்கிலிருந்து வருவதைவிட வடக்கிலிருந்து இறங்கி வருவது எளிது.

பின்னால் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம். 1978-இல் மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் பிரேரணைப்படி, சொத்து வரி வாங்கிய விலையில் 1 சதவீதம், அதோடு உள்ளூர்க் கடன்பத்திர வரிகள். மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விற்பவர் நாற்பது வருடம் முன் வாங்கியவர் என்றால் அவர் கட்டும் வரியைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். வாங்கிய சில மாதத்தில், பழைய மதிப்பீட்டுக்கும் நீங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு துணை வரி பில் வரும். மாதத் தவணையோடு வங்கியே வரி கட்டுகிறது என்றாலும் இந்த பில் பெரும்பாலும் அதில் சேராது; தவறவிட்டால் அபராதம் உங்கள் தலையில்.

இன்னொன்று மண். இங்கே கணினி சிப் தயாரித்த காலத்தில் ஆலைகளின் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்தன. 1981-இல் தெற்கு சான் ஹோசேயின் ஃபேர்சைல்டு சிப் ஆலையில் கசிவு கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலேயே அதிக சூப்பர்ஃபண்ட் தளங்கள், அதாவது மத்திய அரசின் பட்டியலில் உள்ள சுத்தப்படுத்த வேண்டிய நச்சுத் தளங்கள், கொண்ட கவுண்டி இதுதான். குழாய்த் தண்ணீரை நீர் நிறுவனங்கள் சோதித்துத்தான் தருகின்றன. கவனிக்க வேண்டியது, மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ஆவி. விற்பவர் தரும் அபாய அறிக்கையில் வெள்ளப் பகுதி, நிலநடுக்கத்தில் மண் குழையும் பகுதி இரண்டும் இருக்கும், அதைப் படியுங்கள். அசுத்தத் தளங்களுக்கு மாநிலத்தின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தனியாகத் தேடுங்கள்.