அங்கி ஏந்திய கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவாரத்தில் சிவன் கையில் அங்கி ஏந்தியிருப்பதாகப் படித்துக் குழம்பிவிட்டேன். உடுக்க வேண்டியதை ஏன் கையில் வைத்திருக்கிறார்? ஒருவேளை புலித்தோலோ? அங்கி என்றால் தொளதொள உடுப்புதானே? அப்படியானால் 'உயிர்காப்பு அங்கி'யை மட்டும் ஏன் உடம்போடு இறுக்கிக் கட்டுகிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புலித்தோல் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. கையில் இருப்பது நெருப்பு. வடமொழி அக்னி தமிழில் அக்கினியும் ஆனது, அங்கியும் ஆனது. உடுப்பைச் சொல்லும் அங்கி வேறு. உடம்பைக் குறிக்கும் அங்கத்திலிருந்து வந்தது. அங்கவஸ்திரத்தில் இருப்பதும் அதே அங்கம்தான்.

ஆக, சொல்லுக்குள் உடம்பு இருக்கிறது, தொளதொளப்பு இல்லை. அதை நம் மனதில் ஏற்றியதில் பைபிள் தமிழுக்குப் பெரிய பங்கு என்பது என் எண்ணம். யோசேப்புக்கு அப்பா செய்துகொடுத்தது பலவருண அங்கி. சிலுவையடியில் படைவீரர்கள் சீட்டுப் போட்டது, தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்த அங்கிக்கு. கிழித்துப் பங்குபோட மனம் வரவில்லை. கால்வரை தொங்கினால் நிலையங்கி.

சரி, நைட்டி எவ்வளவு தொளதொளத்தாலும் அதை யாராவது அங்கி என்கிறார்களா? பாதிரியார், நீதிபதி, பட்டம் வாங்குபவர் போட்டால் அங்கி. இருக்கிற உடுப்புக்கு மேலே ஒரு காரியத்துக்காகப் போட்டு, காரியம் முடிந்ததும் கழற்றுவது. (வக்கீல்கள் தங்களுக்குள் கவுன் என்பார்கள், செய்தித்தாளில்தான் அது கறுப்பு அங்கி.) இப்போது உயிர்காப்பு அங்கி இடிக்கிறதா? சபரிமலையில் மண்டல பூஜைக்கு ஐயப்பனுக்குச் சாத்துவதும் தங்க அங்கிதான். தங்கம் எங்கே தொளதொளக்கப் போகிறது!

தொளதொளப்பு தெரிகிற பழைய சொல் வேண்டுமென்றால் எனக்குப் பிடித்தது மெய்ப்பை. 103 அடிகளே உள்ள முல்லைப்பாட்டில், பாசறையில் அரசன் தங்கும் இடத்தில் விளக்கேற்றும் யவனர்கள் 'மெய்ப்பை புக்க' தோற்றத்தோடு வருகிறார்கள். மெய்க்கு ஒரு பை. அதை அவர்கள் உடுக்கவில்லை, அதற்குள் புகுந்திருக்கிறார்கள். துணியைச் சுற்றிக் கட்டியே பழகிய கண்ணுக்குத் தைத்த உடுப்பு அப்படித்தான் தெரிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி, பேச்சுக்குப் பதில் உடம்பாலேயே சைகை காட்டும் காவலர்கள் வருகிறார்கள். 'படம் புகு மிலேச்சர்' என்கிறார் புலவர் (மிலேச்சர் என்றால் அந்நிய நாட்டவர்). படமும் சட்டைதான். அங்கேயும் புகுகிறார்கள்.