கேளுங்க சொல்றோம்: மொழி வந்துருச்சு, மனுஷங்களோட பழக வருமா?

கேள்வி: என் பொண்ணு பி.ஏ. ஃப்ரெஞ்சு ரெண்டாவது வருஷம். மார்க்கெல்லாம் நல்லா வாங்குறா. ஆனா ஒரு செமஸ்டராவது ஃப்ரான்ஸ் போனாதான் அந்த ஊர்க்காரங்களோட பழகத் தெரியும்னு ஒத்த கால்ல நிக்கிறா. லோன் போட்டு அனுப்பலாமா?
– ஒரு அப்பா, திருச்சி

பதில்: அனுப்பலாம் சார், ஆனா ஃப்ளைட் ஏறிட்டாலே எல்லாம் வந்துரும்னு நம்பி அனுப்பாதீங்க. ஐரோப்பால காலேஜ் பசங்க வேற நாட்டுக்குப் போய் கொஞ்ச நாள் படிக்கிறதுக்குன்னே எராஸ்மஸ்னு ஒரு திட்டம் 1987ல ஆரம்பிச்சாங்க, முதல் வருஷம் 3,244 பேர் போனாங்க, இப்போ வருஷத்துக்கு லட்சக்கணக்குல போறாங்க. போறவங்க எல்லாரும் பழகக் கத்துக்கிட்டா வர்றாங்க? அமெரிக்கால ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டி ஆளுங்க முன்ன நின்னு, வெளிநாடு போன கிட்டத்தட்ட 1,300 ஸ்டூடண்ட்ஸ வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2009ல வெளியிட்டாங்க. போன இடத்துல கூடவே ஒரு வழிகாட்டி இருந்து, இன்னைக்கு என்ன நடந்துச்சு, உனக்கு ஏன் கடுப்பாச்சு, அவங்க பக்கம் என்ன நினைச்சிருப்பாங்கன்னு உக்கார வச்சு பேசின பசங்ககிட்டதான் முன்னேற்றம் நல்லா தெரிஞ்சுதாம், சும்மா விட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் கூடல. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டே விஷயம் விசாரிங்க, அப்படி ஒரு வழிகாட்டி இருக்காங்களா, தங்குறது அந்த ஊர் குடும்பத்தோடவா இல்ல நம்ம பசங்க அஞ்சு பேர் சேர்ந்து சாம்பார் வச்சுக்கிட்டு நம்ம ஊர் படமே பாக்குற ரூமா. ரெண்டாவதுன்னா அதுக்கு லோன் வேண்டாம்.

கேள்வி: ஆர்ட்ஸ் காலேஜ்ல ஃப்ரெஞ்சு நடத்துறேன். எங்க பசங்கள வெளிநாடு அனுப்ப வசதியில்ல. வருஷத்துக்கு ஒருநாள் கல்ச்சர் டே கொண்டாடுறோம், ஈஃபில் டவர் மாடல், க்ரோசான், தொப்பி எல்லாம் உண்டு. வேற என்ன பண்ணலாம்?
– உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: மேடம், கோச்சுக்காதீங்க, க்ரோசான் சாப்பிட்டா வயிறு நிறையும், அவ்ளோதான். இங்கிலாந்துல மைக்கேல் பைரம்னு ஒரு பேராசிரியர் 1997லயே இதப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அவர் கணக்குல வேற பண்பாட்டுக்காரங்களோட பழக அஞ்சு விஷயம் வேணும், அந்த நாட்டப் பத்தின தகவல் அதுல ஒண்ணுதான். மிச்சம் எல்லாம் மனசத் திறந்து வச்சுக்கிறது, பாக்குறதுக்கு அர்த்தம் புரிஞ்சுக்கிறது, தெரியாதத பேசிப் பழகி தானே கண்டுபிடிக்கிறது, அப்புறம் நம்ம பழக்கத்தயும் சேர்த்தே எடை போட்டுப் பாக்குறது. நம்ம காலேஜ்கள்ல அந்த ஒண்ணோடயே கடைய சாத்திடுறோம்.

வசதி இல்லாமலும் பண்ணலாம்ங்கறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் எம்.ஐ.டி.ல நடந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்ல, அமெரிக்காவுல இருக்குறது. ஜில்பெர்ட் ஃபுர்ஸ்டன்பெர்க்னு ஃப்ரெஞ்சு டீச்சர், இன்னும் சிலரோட சேர்ந்து, 1997ல கூல்ச்சுரான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஃப்ரெஞ்சு படிக்கிற அமெரிக்கப் பசங்களுக்கும், ஃப்ரான்ஸ்ல இருக்கிற பசங்களுக்கும் ஒரே கேள்வித்தாள். நல்ல ஸ்டூடண்ட்னா யாரு, நல்ல வேலைன்னா எதுன்னு வாக்கியத்த முடிக்கணும், சூப்பர் மார்க்கெட்ல ஒரு அம்மா குழந்தைய அடிக்கிறத பாத்தா என்ன பண்ணுவீங்க, பேங்க்ல செக்க நீட்டினதும் க்ளார்க் உங்க பேரப் படிச்சு பேர் சொல்லியே பேசினா எப்படி இருக்கும், இப்படி. அப்புறம் ரெண்டு பக்கத்து பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பசங்களையே பாக்கச் சொல்றது. அந்த பேங்க் கேள்விக்கு அமெரிக்கப் பசங்க பலருக்கு அது ஒரு மேட்டரே இல்ல, ஃப்ரெஞ்சு பசங்களுக்கு அது மரியாதக் குறைவா பட்டுது. (நம்ம ஊர்லயும் பேரச் சொன்னா கூட பரவால்ல, 'நீ'ன்னா சுள்ளுன்னு ஏறும்ல.)

இங்கதான் நீங்க உஷாரா இருக்கணும். பசங்க உடனே 'ஓ, ஃப்ரெஞ்சுக்காரங்க சிடுமூஞ்சி'ன்னு எழுதிட்டு எழுந்துருவாங்க, அத விடாதீங்க, எந்த பதில வச்சு அப்படி சொல்றேன்னு கேளுங்க, அந்தப் பக்கத்துக்கே கேள்வியா அனுப்பச் சொல்லுங்க. இன்னொன்னு, கூல்ச்சுரால ரெண்டு பக்கமும் அவங்கவங்க சொந்த மொழிலதான் எழுதுனாங்க. பாதி வந்த மொழில எழுதினா மனசுல இருக்கறதுல கால்வாசிதான் வெளிய வரும், எதிர்ப்பக்கம் சரளமா எழுத நம்ம பசங்க மட்டும் திணறிட்டு இருந்தா அது சமமான பேச்சு ஆகாது. தமிழ்ல எழுதினா ஃப்ரான்ஸ்ல யார் படிப்பாங்கன்னு கேக்காதீங்க, பாரிஸ்ல இனால்கோங்கற காலேஜ்ல தமிழ் சொல்லிக் குடுக்குறாங்க, ஜெர்மன் டிபார்ட்மெண்ட்டுக்காரங்களுக்கு ஹைடல்பெர்க் யுனிவர்சிட்டி இருக்கு. அவங்களுக்கும் தமிழ் பேசுற நம்ம பசங்க தேவைதானே. ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு ஈமெயில், செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, பதில் வர லேட்டாகும், பொறுத்துக்கங்க.

கேள்வி: இன்டர்கல்ச்சுரல் திறமைக்குன்னு, அதாவது வேற பண்பாட்டுக்காரங்களோட பழகுற திறமைக்குன்னு, எங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுறாங்க. யார் நல்லவன் மாதிரி எழுதுறாங்களோ அவங்களுக்கு ஃபுல் மார்க். இது நியாயமா?
– எம்.ஏ. மாணவர், கோவை

பதில்: நியாயமே இல்ல தம்பி. 'எல்லா கலாச்சாரத்தையும் மதிக்கிறேன்'னு எழுத யாருக்கு வராது, அத வச்சு மனசுக்கு மார்க் போட முடியாது. ஐரோப்பா கவுன்சில் 2009ல இலவசமாவே ஒரு ஃபார்ம் மாதிரி போட்டிருக்காங்க, வேற பண்பாட்டுக்காரர் ஒருத்தர சந்திச்ச ஒரே ஒரு சம்பவத்த எடுத்துக்கிட்டு, என்ன நடந்துச்சு, உனக்கு எப்படி இருந்துச்சு, அவருக்கு எப்படி இருந்திருக்கும், நீ என்ன பண்ணினன்னு கேட்டுக்கிட்டே போகும். அது மார்க்குக்காக பண்ணினது இல்ல, தானே யோசிச்சுப் பாக்குறதுக்கு. மார்க் போட்டே ஆகணும்னா எத்தன நல்ல கேள்வி கேட்டீங்க, முதல்ல நினைச்சது தப்புன்னு தெரிஞ்சப்போ எத வச்சு மாத்திக்கிட்டீங்கன்னு பாத்து போடலாம்னு உங்க சார்கிட்ட சொல்லிப் பாருங்க. ஒத்துக்கலன்னா ஹெச்.ஓ.டி.கிட்ட க்ளாஸே சேர்ந்து எழுதிக் குடுங்க, தனியா போகாதீங்க.