வெளுத்துப்போன பழைய காரின் அசல் பெயின்டை மெஷின் பாலிஷால் மீட்க முடியுமா?

பெங்களூருவில் வெட்டவெளியில் நிற்கும் 1990களின் சிவப்பு மாருதி 800. பானெட்டும் கூரையும் வெளுத்துவிட்டன. முழு வண்டிக்கும் புது பெயின்ட் அடிப்பதா, பாலிஷ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் உரியாமல் வெறுமனே வெளுத்திருந்தால் பாலிஷே சரியான வழி என்பேன். வண்டி வெறும் தகட்டுக் கூடாக இருக்கும்போதே தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்கிய பெயின்ட் அது. கண்ணாடி, ரப்பர், வயரிங் எல்லாம் பொருத்திய வண்டியை எந்தப் பட்டறையும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது; அதனால் புதிதாக அடிப்பது அதே முறையில் இறுகிய பெயின்டாக இருக்காது.

கழுவிய பானெட்டின் ஓரத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால், மேலே கிளியர் கோட் (நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற காப்புப் படலம்) இல்லாத பெயின்ட் என்று பொருள்; வெயில் பட்டு மேற்பரப்பு பொடிந்திருக்கிறதே தவிர, அடியில் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். துணி வெள்ளையாகவே இருந்தால் கிளியர் கோட் உண்டு; அது செதில் செதிலாக உரிந்திருந்தால் பாலிஷால் பயனில்லை. (குளிர்ந்த ஊர் என்று நாம் அசட்டையாக இருந்தாலும், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் புற ஊதாக் கதிர் கடற்கரை ஊர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான்.)

அல்சூரில் தெருவோரம் நின்றே பழகிய என் மாமனாரின் சிவப்பு வண்டி முதல் வகை. போர்வெல் நீரின் உப்புக் கறையும் மரப்பிசினும் அதில் ஏறியிருந்ததால், முதலில் கிளே பாரால் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டியால்) வழித்தெடுத்தோம்; அந்த அழுக்கோடு மெஷினை ஓட்டினால் அதுவே கீறிவிடும். பிறகு, அராவும் தன்மை இல்லாத எண்ணெய்ப் பதமான பாலிஷைக் கையால் தடவி இரவு முழுவதும் ஊறவிட்டோம். காலையில் துடைத்தபோது துணி குங்குமமாகச் சிவந்தது. கூரையில் பாதி நிறம் மெஷினைத் தொடும் முன்பே திரும்பியிருந்தது. கிளியர் கோட் இல்லாத பெயின்டுக்கு இந்த ஊறல் பெரிதும் உதவும் என்றாலும், பொறுமையின்றிப் பலரும் நேராகக் கரடான காம்பவுண்டை (பெயின்டை அராவும் பசையை) எடுத்துவிடுகிறார்கள்.

பட்டறைகளில், ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேடைப் பொருத்தி ஓட்டுவது வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கை தேராதவர் ஓட்டினால் ஒரே இடம் சூடேறி, பானெட்டின் மடிப்பிலும் கதவின் விளிம்பிலும் பெயின்ட் தேய்ந்து, அடியில் பூசிய பிரைமர் தெரிந்துவிடும். சுழன்றபடியே அசைந்தாடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவாக வேலை செய்தாலும், தவறைப் பொறுத்துக்கொள்ளும். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நிழலில், தகடு ஆறியிருக்கும்போது, ஓர் அடிச் சதுரத்தில் மென்மையான பாலிஷும் ஃபோம் பேடும் கொண்டு சோதித்து, அது போதாதபோது மட்டும் கரடான காம்பவுண்டுக்குப் போங்கள். உதிரும் நிறம் பேடில் அடைத்துக்கொள்வதால் அடிக்கடி பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். முடிந்ததும் மெழுகோ சீலன்டோ பூசி, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால், நிறம் மறுபடியும் வெளுக்கும்.

பானெட்டில் ஏற்கெனவே பிரைமர் தெரிந்தால் அதை மட்டும் பெயின்ட் அடிக்கக் கொடுங்கள். ஆனால் மற்ற பாகங்களைப் பாலிஷ் செய்து முடித்த பிறகு. பக்கத்தில் இருக்கும் வெளுத்த ஃபெண்டரைப் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை) பார்த்துக் கலக்கிய சிவப்பு, பாலிஷ் போட்ட ஃபெண்டரின் பக்கத்தில் பொருந்தாது.