எலும்பு யாருடைய பெயரைச் சொல்லும்?

அன்புள்ள ஐயா,

எலும்புக்கூடு கிடைத்ததும், எலும்புகளை ஆராயும் தடய மானுடவியலாளர் வந்து கொலையாளியையே கண்டுபிடித்துவிடுவதாகத் தொலைக்காட்சித் தொடர்களில் காட்டுகிறார்கள். உண்மையில் எலும்பால் அவ்வளவு சொல்ல முடியுமா?

கவிதா, தஞ்சாவூர்

அன்புள்ள கவிதா,

கொன்றவர் யார் என்று எலும்பு சொல்வது அரிது. இறந்தவர் யார் என்பதைத்தான் சொல்லும். அதைச் சிறிதாக எண்ணிவிடாதீர்கள். இறந்தவர் யாரென்றே தெரியாவிட்டால் போலீஸ் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்?

1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபாட் என்ற ஊருக்கு அருகே, பாலத்தின் கீழ் ஓடும் ஓடையில், துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய உடல் துண்டுகள் கிடந்தன. இரண்டு பேருடையவை. மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரித்திருந்த விதத்திலேயே வெட்டியவருக்கு உடற்கூறு தெரியும் என்பது விளங்கியது. அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் தேடித் தேடி நீக்கியிருந்தார். முதலில் ஒருவர் ஆண் என்றே கருதினார்கள்.

கிளாஸ்கோவின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஜான் கிளைஸ்டரும் எடின்பரோவின் உடற்கூறியல் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷும் துண்டுகளை இரண்டு உடல்களாகச் சேர்த்தார்கள். இரண்டுமே பெண்கள். வளரும் வயதில் கை கால் எலும்புகளின் முனைகள் தண்டிலிருந்து தனித்து இருக்கும். வளர்ச்சி முடிய முடிய ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து ஒருத்திக்கு இருபதை ஒட்டிய வயது, மற்றவள் அவளைவிட மூத்தவள் என்று பிரித்தார்கள்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் பக் ரக்ஸ்டன் என்ற, பம்பாயில் பிறந்த டாக்டரின் மனைவி இசபெல்லாவும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இருபது வயது மேரி ரோஜர்சனும் அந்த மாத நடுவிலிருந்து காணவில்லை. மேரிக்கு மாறுகண். இளையவளின் தலையில் கண்களே இல்லை! மறைக்க நினைத்த கை எதை மறைத்தது என்பதையும் எழுதிவைத்துவிட்டது.

இசபெல்லா தலையில் மணிமுடி அணிந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று இருந்தது. அந்த மணிமுடியை அளந்து படத்தின் அளவைக் கணக்கிட்டு, அதே கோணத்தில் மண்டையோட்டைப் படமெடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார் பிராஷ். மூத்தவளின் மண்டையோடு பொருந்தியது, இளையவளுடையது பொருந்தவில்லை. என் பார்வையில் இந்த இரண்டாவது முடிவே பெரிது. பொருந்தும் முகங்கள் உலகில் பல இருக்கலாம், பொருந்தாதது பொருந்தாததுதான்.

கொலையாளியிடம் கொண்டு சேர்த்தவை வேறு தடயங்கள். சுற்றியிருந்த செய்தித்தாள், லங்காஸ்டர், மோர்கம் பகுதிக்கென்று மட்டும் அச்சான செப்டம்பர் 15 பதிப்பு. கூடக் கிடந்த ரவிக்கையின் அக்குளில் இருந்த ஒட்டு, தான் தைத்ததுதான் என்று மேரியின் சிற்றன்னை அடையாளம் காட்டினார்.

1936 மே 12 அன்று ரக்ஸ்டன் மான்செஸ்டரில் தூக்கிலிடப்பட்டார். இசபெல்லாவைக் கொன்றதற்காக மட்டுமே அவர் மீது விசாரணை நடந்தது. இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது. மேரியின் கொலைக்கும் அவர் கூண்டில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.