கிழிந்த புஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். ஆசைக்காக 2007 மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்ததால் வேலூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் லோயர் ஆர்ம் புஷ்களை, அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் துண்டுகளை, மாற்றி 38,000 ரூபாய் கட்டினேன். நாலே மாதத்தில் மறுபடி அதே சத்தம். திரும்பக் கொண்டுபோய் விட்டால், ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். நான் சொல்லாத வேலைக்கு 14,000 ரூபாய் பில் போட்டு, கட்டினால்தான் வண்டியைத் தருவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் வண்டி வெளியே வரட்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்து வைக்க ஒர்க் ஷாப்புக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் ஒப்படைத்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில், உங்கள் கையெழுத்துக்கு மேலே அந்த வேலை எழுதியிருக்கிறதா? வாட்ஸ்அப்பில் ‘சரி, பண்ணுங்க’ என்று ஏதும் அனுப்பினீர்களா? இரண்டும் இல்லையென்றால் அந்த உரிமை அவர்களுக்கு இல்லை. இருந்தாலும் வாசலில் நின்று சண்டை போட வேண்டாம். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதி, போட்டோ எடுத்து, பணத்தை ஆன்லைனில் கட்டி வண்டியை எடுங்கள். அந்தத் தொகையையும் பிறகு சேர்த்துக் கேட்கலாம்.

ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஆர்ம் ஆடும் வண்டியை பெங்களூரு ஹைவேயில் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து செய்யும் காரியத்தில்தான் பலர் கேஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நேரே வேறு மெக்கானிக்கிடம் போய்ப் புது புஷ் போட்டுவிடுகிறார்கள். பழையது காயலான் கடைக்குப் போய்விடுகிறது. உங்கள் வழக்கே அந்த ரப்பர் துண்டில்தான் இருக்கிறது.

புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. அதனால் பல கார்களில், வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ‘பழைய வண்டி’ என்ற சாக்கு நிற்காது. வண்டிக்கு வயது 18-க்கு மேல் ஆகலாம், புஷ்ஷுக்கு நாலு மாதம்தானே!

ஆகவே புஷ் வண்டியில் இருக்கும்போதே, உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் (வாகனச் சேதத்தை ஆய்வு செய்து மதிப்பிடுபவர்) ஒருவரைப் பார்க்கச் சொல்லி, போட்டோவுடன் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். என்றைக்குப் பார்க்கிறார் என்று ஒர்க் ஷாப்புக்கு முன்கூட்டியே ஸ்பீடு போஸ்டில் சொல்லுங்கள். வராவிட்டால் அது அவர்கள் பாடு. கழற்றிய புஷ்ஷைப் பையில் போட்டு, தேதி எழுதி, சர்வேயர் கையெழுத்தோடு ஒட்டி வையுங்கள்.

பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ். பதில் இல்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சேவைக் குறைபாடு என்று புகார் கொடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கெடு 2 வருடம்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: கல்யாண போட்டோ ஷூட்டுக்கு இந்தக் காரை வாடகைக்கு விட்டதுண்டா? அப்படியானால் வணிகப் பயன்பாடு என்று எதிர்த்தரப்பு கிளப்பும், சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரலாம். அந்த வாடகைதான் உங்கள் பிழைப்பு என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு.